அப்பா அடித்த துக்க மணி

கொடைக்கானல்
6-11-1961

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகமாத்தான் இருக்கேன். பூம்பாறை பஸ்ல அங்க வந்தவங்க யாராச்சும் வேற மாதிரி சொல்லியிருந்தா நம்பாதே.

நேத்து அப்பா வெள்ளனே கோயிலுக்குப் போய்த் துக்க மணி அடிச்சுட்டார். முப்பது வருசம் உபதேசியாரா இருந்து மணி அடிச்ச கை, யாரும் சந்தேகப்படலை. பங்குச் சாமியார் ஓடிவந்து யாருக்குன்னு கேட்க, "என் வீட்டுக்காரி போயிட்டா சாமி"ன்னு அழுதாராம். சனம் மாலையோட வீட்டுக்கு வந்தப்ப நான் பலிபீடத் துணிக்குக் கஞ்சி போட்டுக்கிட்டிருந்தேன்.

வேற ஒண்ணுமில்லை, கொஞ்சம் மறதி. நல்லாச் சாப்பிடுறார்.

ராத்திரி செபமாலையை ஒரு வார்த்தை பிசகாமச் சொன்னார். முடிவுல மரிச்ச ஆத்துமாக்களுக்கு வேண்டிக்கிட்டப்ப என் பேரையும் சேர்த்தார். பக்கத்துல முழங்கால் போட்டிருந்த நான் வாய் திறக்கலை. "ஏம்மா, செத்தவளுக்கு ஒரு ஆமென் சொல்லக் கூடாதா?"ன்னு என்னையே கேட்டார்.

சொல்லிட்டேன்.

நீ வெரசா வா. வாசல்ல நின்னு, அவர் காதுல விழற மாதிரி என்னை அம்மான்னு கூப்பிடு. எனக்கும் அதைக் கேட்கணும்.

இன்னும் உயிரோட இருக்கிற,
உன் அம்மா