முடிவு முன்பே தெரிந்த கதை

மார்ச் 3

விஞ்ஞானச் சிறுகதை திரும்பி வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியரே போனில் சொன்னார்: "கதை பரவாயில்ல சார். ஆனா முடிவு வானத்துலேருந்து குதிக்குது. முன்னாடியே எங்கயாவது கோடி காட்டியிருக்கணும்."

நிலாவில் நடக்கிற கதை. முடிவு வேறெங்கிருந்து குதிக்குமாம்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த கதைக்கும் சேர்த்து வேட்டு.

தூரத்து நிலவில் ஒருவன் தனியாகக் காவல் இருக்கிறான். பூமி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதிலே சரியாக வருவதில்லை. திமிர் பிடித்தவன் என்று கைவிட்டுவிடுகிறார்கள். கடைசி வரியில் பார்த்தால், அவனுடைய ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. மௌனமெல்லாம் கோபம் இல்லை என்பதுதான் என்னுடைய மகத்தான கரு!

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு 'ம்' கூட இல்லை. நான் எழுதுவதே அவருக்கு வேப்பங்காய்.

மார்ச் 7

டிவி அலறுகிறது. குறைக்கச் சொன்னால் கேட்டால்தானே. அப்பா வேண்டுமென்றே செய்கிறார்.

மார்ச் 12

ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். அந்த அம்மாள், "திடீர்னு நின்னுடுச்சுப்பா" என்றார்.

"எந்த மெஷினும் திடீர்னு நிக்காதும்மா. ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கும். நீங்கதான் கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவன் என்று சர்வீஸ் சென்டரில் எனக்குப் பெயர்.

வீட்டில் இதையும் பீற்றிக்கொண்டேன். மனைவி சிரிக்கவில்லை. "இதைத்தானே அந்த ஆசிரியரும் கேட்டாரு? கதையிலயும் மெஷின் முன்னாடியே முனகட்டுமே. அப்படியே நம்ம வீட்டு ஃப்ரிட்ஜும் முனகுது, பாருங்க."

முதல் யோசனை பிரமாதம். இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

மார்ச் 16

சும்மா துப்பு வைத்தால் போதாது. முதல் தடவை படிக்கிறபோது அது திமிராகத் தெரிய வேண்டும். முடிவு தெரிந்தபின் அதே வரி வலிக்க வேண்டும். அப்போதுதான் கரு நிற்கும்.

வைத்துவிட்டேன். குரலுக்கு அசையாதவன் விளக்குச் சைகைக்கு உடனே பதில் தருகிறான். கேள்வி ஒன்று, அவன் சொல்வது வேறொன்று. பேசினால் தேவைக்கு மேல் கத்துகிறான். எங்கிருந்துதான் எனக்கு இதெல்லாம் தோன்றுகிறதோ! தலைக்கனம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 18

அப்பாவோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் போட்டது. சாப்பிட வாங்க, வாங்கன்னு பின்னாலேயே நின்னு கத்தறேன் — திரும்பணுமே மனுஷன்! நான் என்ன சுவரா?

அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். "மாசக் கடைசில வந்து கூட்டிட்டுப் போயிடு. என் மூஞ்சியைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கல." சரி என்றாள். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

மார்ச் 22

மனைவி கதையைப் படித்து முடித்தாள். "நல்லா வந்திருக்கு. ஆனா மாமாவை எதுக்குங்க நிலாவுக்கு அனுப்பினீங்க?"

"எந்த மாமா?"

"உங்க அப்பாதான். கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, லைட் போட்டா திரும்புவாரு. நாம ஒண்ணு கேட்டா அவரு ஒண்ணு சொல்வாரு. பேசினா தெருவுக்கே கேக்கும். அவரைப் பார்த்துத்தானே எழுதினீங்க?"

எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அப்பா. அப்பா! அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படா வந்தே?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அட மடையா. ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜுக்கெல்லாம் காது கொடுத்தியே!

அழுதேன். என் டைரியில் எழுத என்ன வெட்கம். அக்காவிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9

கதை மறுபடியும் திரும்பி வந்தது. "இப்ப முதல் பக்கத்துலயே முடிவு தெரிஞ்சிடுது சார்." அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஏப்ரல் 17

அப்பாவுக்குக் காது மெஷின் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து கதையை முழுக்கப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னார்:

"அந்த ஆளு பாவம்டா. யாருமே தன்னைக் கூப்பிடறதில்லைன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கான்."

நான் தாளை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். "ஏண்டா, இந்த ஃப்ரிட்ஜ் எத்தனை நாளா இப்படி முனகுது?"

மனைவி என்னைப் பார்த்தாள். எழுந்து போய் டூல் பெட்டியை எடுத்து வந்தேன்.