ரோச் முதலாளியின் விமானத்துக்குப் புது புரொப்பெல்லர்

தூத்துக்குடி,
9 ஜூலை 2024

அன்பு மகள் ஸ்டெபிக்கு,

அப்பா கஸ்பார் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் சர்க்கரையும் சுகமாக ஏறிக்கொண்டே இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எட்டாம் வகுப்புக்காரன் எழுத்து, இரண்டு தடவை படித்தால்தான் புரியும். அதுவும் எனக்கு லாபம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நீ பேசியதைக் கேட்டேன். நம் ஊர் ரோச் முதலாளியின் சின்ன விமானம் பெங்களூரில் உங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது, பழைய இரண்டு பிளேடு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுப் புதிதாக மூன்று பிளேடு மாட்டப்போகிறோம், என் கையெழுத்து இல்லாமல் அது கிளம்பாது என்றாய். குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்த நான் விரலையும் சேர்த்து அரிந்துவிட்டேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மக்கா, அந்தத் தோணி விபத்து நடந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. ரோச் முதலாளியின் தோணியில் நான் இன்ஜின் டிரைவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகிற தோணி. புரொப்பெல்லரில் ஒரு பிளேடு வளைந்து, தோணியே காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. "முதலாளி, இத மாத்தணும்" என்று அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அடுத்த நடைக்குப் பாப்போம்வே" என்றார். அடுத்த நடையில் பிளேடு ஒடிந்து கடலுக்குள் போனது. தோணி முயல் தீவுப் பக்கம் பாறையில் போய் உட்கார்ந்தது. விசாரணையில் ரோச் முதலாளி எழுந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "டிரைவர் குடிச்சிருந்தான்."

கிறிஸ்துமஸ் ஒயினையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவன் நான். என் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டார்கள். ஊர் எனக்குத் 'தண்ணி டிரைவர்' என்று பேர் வைத்தது. அன்றிலிருந்து வீடு வீடாகக் கிரைண்டர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். கடலில் ஓடியவன் மாவில் ஓடுகிறேன்.

எனக்கு ஒரு பிளேடு வாங்கித் தராத மனுஷன் ஆகாசத்துக்கு மூன்று பிளேடு வாங்குகிறார்.

செப்டம்பரில் நம் தெரு மாதா கெபித் திருவிழா. சப்பரம் தெருவுக்குள் வரும்போது, அவர் மகன் அனிஷ் விமானத்தை ஓட்ட, இவர் மேலேயிருந்து பூத் தூவப்போகிறாராம். நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிட்டது. அதில் மாதாவைவிட விமானம் பெரிசாக இருக்கிறது.

நான் கேட்பது சின்ன உதவி. ஒரு நட்டை லூசாக வை என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது உண்மை. உன் அம்மா முறைத்தாள், விட்டுவிட்டேன். தாமதம் மட்டும் செய். ஏதோ சாமான் வரவில்லை என்று சொல்லித் திருவிழா முடிகிற வரைக்கும் இழு. அவர் ஊர் முன்னால் தலையைக் குனிந்து நிற்பதை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாதுதான், ஆனால் ஆரம்பிப்பதற்கு அது போதும்.

உன் அப்பா
கஸ்பார்


பெங்களூரு,
20 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். விரலுக்கு மருந்து போட்டீர்களா?

நீங்கள் கேட்டதை நான் செய்ய மாட்டேன். சாமான் எல்லாம் வந்துவிட்டது. வந்த சாமானை வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் எனக்குத் 'தண்ணி டிரைவர் மவ' என்றுதான் பேர். அந்த விமானம் ஹாங்கருக்குள் வந்த அன்றே மேனேஜரிடம் போய், இந்த வேலையை வேறு இன்ஜினியரிடம் கொடுங்கள் என்றேன். ஆள் இல்லை என்றார். அதனால் கையில் இருக்கிற கோபத்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

இதற்கு மேல் உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். பழைய புரொப்பெல்லரைக் கழற்றியபோது பிளேடுகளின் நுனியை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருப்பது தெரிந்தது. அது எங்கேயோ தரையில் இடித்திருக்கிறது, அதை மறைத்திருக்கிறார்கள். புரொப்பெல்லர் மாட்டுகிற தண்டின் முகமும் மயிரிழை வளைந்திருக்கிறது. இடித்த இன்ஜினைத் திறந்து, உள்ளே விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் புதிய புரொப்பெல்லரை மாட்டலாம். அது விதி. விமானத்தை நிறுத்திவிட்டேன்.

யாருடைய விமானமாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். உங்களுக்காகச் செய்யவில்லை. தயவு செய்து இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அன்பு மகள்
ஸ்டெபி


தூத்துக்குடி,
11 செப்டம்பர் 2024

என் தங்கமான மகள் ஸ்டெபிக்கு,

திருவிழா முடிந்தது. எனக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

சப்பரம் தெருவுக்குள் வந்ததும் ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பேண்டு வாசிக்கிறவன்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாசித்தான். வானத்தில் ஒரு பருந்து. அவ்வளவுதான். கடைசியில் பூ ஆகாசத்திலிருந்து வரவில்லை, குட்டியானை வண்டியில் வந்தது. அனிஷ் அதன் மேல் ஏறி நின்று, கல்யாண வீட்டில் அரிசி போடுகிறவன் மாதிரி போட்டான். ரோச் முதலாளி வெள்ளை வேட்டியில் வேர்த்து நின்றார். நான் அவருக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தேன். மெழுகுவர்த்தி கைவரைக்கும் உருகி வந்தது, நான் கண்ணை எடுக்கவில்லை. மாதா மன்னிக்கட்டும், அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் முத்துக்கனி டீக்கடைக்குப் போனேன்.

"என்னவே கஸ்பாரு, மூஞ்சியில பல்பு எரியுது?" என்றான் முத்துக்கனி.

"எரியாம என்ன செய்யும்? முதலாளி விமானத்த நிறுத்தினது யாருன்னு நெனைக்கீரு?"

"யாரு?"

"எம் மவ. நிறுத்தச் சொன்னது யாரு? நான்! பெங்களூருக்கு ஒரு லெட்டர் போட்டேன், ஆகாசத்துல போறவன் தரையில உக்காந்துட்டான்."

கடையே சிரித்தது. முத்துக்கனி எனக்கு வடை வைத்தான், கேட்காமலே. இருபது வருஷமாக அந்தக் கடையில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். ரோச்சின் ஆபீஸில் இருக்கிற ஜெஸ்டின்கூட ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

நீ எனக்காகச் செய்தாயோ விதிக்காகச் செய்தாயோ, அடி விழுந்தது அவருக்கு. அம்மா கருவாடு அனுப்பியிருக்கிறாள்.

தலை நிமிர்ந்த அப்பா
கஸ்பார்


பெங்களூரு,
24 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

கருவாடு வந்தது. கூடவே ரோச் முதலாளியின் புகாரும் வந்தது.

அப்பனும் மகளும் சேர்ந்து பழி தீர்க்கிறார்கள், விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று விமானத் துறைக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் டீக்கடையில் பேசியதை ஜெஸ்டின் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தை என்னிடமிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் தொழிலாளிகளோடு சேர்ந்து தட்டுமுட்டுச் சாமான் துடைக்கிறேன். புகார் நிஜம் என்று முடிவானால் உரிமமே போய்விடும்.

இன்ஜினைத் திறந்தால் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும். திறக்க முதலாளி சம்மதிக்க வேண்டும். 'இவள் வன்மத்துக்கு நான் ஏன் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்' என்கிறார். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அவரால் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தண்டில் விரிசல் இருந்து, அனிஷ் அதைக் கடலுக்கு மேல் ஓட்டியிருந்தால், உங்கள் சப்பரத்துக்குப் பின்னால் ஒரு சவப்பெட்டியும் வந்திருக்கும். அதை நிறுத்தியவள் நான். இப்போது என்னைப் பார்த்து, 'உன் அப்பா சொல்லித்தானே செய்தாய்?' என்று கேட்கிறார்கள்.

ஒருவர் வாயால் ஒருவருடைய சர்டிபிகேட் எப்படிப் போகும் என்று நம் வீட்டில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு ரோச். இன்றைக்கு நீங்கள்.

அக்டோபர் எட்டாம் தேதி விசாரணை. நீங்கள் வர வேண்டாம்.

ஸ்டெபி


தூத்துக்குடி,
12 அக்டோபர் 2024

ஸ்டெபிக்கு,

வர வேண்டாம் என்றாய். வந்தேன். உன் அம்மா இட்லியைக் கட்டிக் கொடுத்து, "ஏதாவது பேசித் தொலைச்சீரு, திரும்பி வராதீரும்" என்று மைசூர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டாள். என்னைக் கண்டதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நியாயம்தான். நானும் காலையில் கண்ணாடி பார்க்கும்போது அதைத்தான் செய்கிறேன்.

உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அதிகாரி மதுரைப் பக்கத்துக்காரர். பக்கத்தில் உன் மேனேஜர். எதிரில் ரோச்.

"மகளுக்கு லெட்டர் போட்டீங்களா?"

"போட்டேன் சார். முடியாதுன்னு எழுதிட்டா."

"அப்ப டீக்கடையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பெருமைக்குச் சொன்னேன் சார்."

"பெருமைக்காக ஒருத்தர் சொந்த மகள் வேலைக்கே வேட்டு வைப்பாரா?"

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லும்போது என் மூஞ்சி எப்போதும் திருடன் மூஞ்சியாகிவிடும். ரோச் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது.

"குடிச்சிருந்தேன் சார்," என்றேன்.

கால் ஆட்டம் நின்றது. அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "இவர் குடிப்பாரா? உங்களுக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்னு சொன்னீங்களே?"

மக்கா, நீ உள்ளே இருந்திருக்க வேண்டும். குடிக்க மாட்டான் என்று சொன்னால், தோணி விசாரணையில் அவர் சொன்னது பொய். குடிப்பான் என்று சொன்னால், அவருடைய புகார் ஒரு குடிகாரன் உளறலில் நிற்கிறது. மனுஷன் உப்பளத்தில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"குடிப்பாரு," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க சார், எழுதணும்."

"குடிப்பாரு!"

இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஊட்டிய விஷத்தை அவர் வாயிலேயே திருப்பி ஊற்றினேன். ரயில் ஏறிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

விருதுநகர் தாண்டும்போதுதான் சிரிப்பு நின்றது. இத்தனை நாளும் நான் குடிகாரன் என்று அவர் சொன்னார். இனிமேல் நானே சொன்னது. ஊருக்குள் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. முத்துக்கனி டீயை வைத்துவிட்டு, "ஒரு வழியா உண்மைய ஒத்துக்கிட்டீராமே" என்றான். வடை வைக்கவில்லை.

உன் கையெழுத்து உன்னிடம் வந்துவிட்டால் போதும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் ரோச்சை மன்னிக்கவில்லை, சாகும்வரை மன்னிக்கப்போவதும் இல்லை. அப்படிப்பட்டவன் உன்னிடம் அதைக் கேட்க முடியாது.

அப்பா


பெங்களூரு,
21 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மேனேஜர் கூப்பிட்டு, இனி நான் கையெழுத்துப் போடலாம் என்றார். "உன் அப்பா குடிபோதையில் உளறியிருக்கிறார், அவ்வளவுதான்," என்று தோளில் தட்டினார். ஹாங்கரில் வேறொரு விமானம் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. பேனாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே அதிகாரிக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

'என் அப்பா கஸ்பார் குடிப்பவர் அல்ல. டீக்கடையில் அவர் சொன்னது பெருமைக்குச் சொன்ன பொய். உங்கள் முன்னால் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். அவர் குடிப்பார் என்று உங்களிடம் உறுதி சொன்ன ரோச் அவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். இன்ஜினைத் திறக்க உத்தரவிடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.'

மறுபடியும் என்னை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர், "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் அது உண்டு என்றேன்.

உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது சொல்கிறேன். ஆனால் நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று அரசாங்கத்துக்கு எழுத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை, இப்போது நான் சொல்லியிருக்கிறேன். அதன் நகலை அம்மா பேருக்கு அனுப்பியிருக்கிறேன். முத்துக்கனி கடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொண்டுபோங்கள். கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வாருங்கள்.

ரோச் ஆள் அனுப்பினார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாராம், நான் விமானத்தைப் பற்றி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் எழுதியது விமானத்தின் பதிவேட்டில் இருக்கும்வரை, எந்த ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் இன்ஜினைத் திறக்காமல் அதை இனி யாரும் பறக்க விட மாட்டார்கள்.

புதிய புரொப்பெல்லர் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. விமானம் ஹாங்கர் மூலையில் மூக்கு அறுந்து நிற்கிறது. துணியும் எண்ணெயுமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஒரு நாள் அவரே வந்து, திறங்கள் என்று சொல்ல வேண்டும். திறக்கிற அன்றைக்கு அவர் முன்னால் நான் நிற்பேன்.

எனக்கு அவசரம் இல்லை அப்பா.

உங்கள் மகள்
ஸ்டெபி