உங்கள் வலது தோள்

அக்கா,

இன்று காலை ஓ.பி.யில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தையல் மெஷின் எண்ணெயும் புது பனியன் துணியும் கலந்த வாசனை அவளோடு உள்ளே வந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் மேல் வீசுகிற வாசனைதான். ஆனாலும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதற்கு முன் எழுதியதெல்லாம் மருந்துச் சீட்டு.

நீங்கள் முதலில் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃப்ளாட்லாக் மெஷின் டெய்லர். துணிக்கட்டைச் சுமந்து படியிறங்கும்போது சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தீர்கள். எலும்பு உடையவில்லை. ஆனால் கையைத் தூக்கச் சொன்னால் தோள்தான் காதுவரை ஏறியது, கை ஏறவில்லை. தோளை மூடியிருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. “தச்சிரலாம்லா சார்?” என்று கேட்டீர்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம் ஆகியும் உங்கள் பேச்சு மாறவில்லை.

தைத்துவிடலாம் என்றேன். பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தைக்கிற முறை ஒன்று வந்திருக்கிறது என்றேன். அப்போது எங்கள் பக்கத்தில் அதைச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் சென்னையில் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சி இயந்திரம் கொண்டுவந்திருந்தார்கள். திரையில் ஒரு பொய்த் தோள். கையில் இரண்டு கம்பிகள். நீண்ட வரிசையில் நின்று எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் கேட்டீர்கள்: “இத நெறய பேருக்குப் பண்ணிருக்கீங்களா சார்?”

நான் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே “ம்” என்றேன்.

ஒரு எழுத்துதான். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. தலையணையைச் சரிசெய்து படுத்துக்கொண்டீர்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது நான்கு மணி நேரம் போனது. கேமராவை ஒரு பக்கம் திருப்பினால் திரையில் படம் வேறு பக்கம் போயிற்று. உள்ளே தெளிவாகத் தெரிவதற்காகத் தோளுக்குள் விட்ட தண்ணீர் சுற்றிலும் ஊறி, உங்கள் கழுத்துவரை வீங்கியது. “சார், வீங்கிட்டே போவுதுங்க. போதுமுங்க சார்” என்று தியேட்டர் சிஸ்டர் மூன்று முறை சொன்னார். தையல் நூலைப் பிடித்திருக்க எலும்பில் பதித்த ஆணி சாய்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. முடிச்சு இறுகவில்லை என்று விரலுக்கும் தெரிந்தது. திறந்தே தைத்திருக்கலாம். அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் தோற்றுவிட்டேன் என்று சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். மூடிவிட்டேன்.

மூன்றாம் மாதமும் கை ஏறவில்லை. கோவையில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னேன். தையல் விட்டுப்போயிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இனியும் பொய் சொன்னால் இந்த வேலையே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. சொன்னேன். நீங்கள்தான் முதல் ஆள் என்று.

நீங்கள் கத்தவில்லை. “எம் மேலயா பழகுனீங்க?” என்று மட்டும் கேட்டீர்கள். இடது கையால் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

பதினைந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் கம்பெனி வாசலுக்கு இரண்டு முறை வந்து, உள்ளே வராமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். உங்களை மெஷினிலிருந்து எடுத்து செக்கிங் டேபிளில் போட்டுவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். பதினெட்டு வருட டெய்லரை நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு நீங்களே வந்தீர்கள். உங்கள் தோளை மறுபடி தைத்துத் தரச் சொல்லி, கோவையில் இருந்த ஒரு பெரிய மருத்துவருக்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நீங்கள் அதைப் பிரிக்கவே இல்லை.

“கம்பெனில ஆல்டர் பீஸ் வந்தா யாருகிட்ட போவும் தெரியுமா சார்? தச்சவகிட்டதான் திரும்பி வரும். அவுத்து அவதான் தைக்கணும்.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா இந்த மட்டம் பழகிட்டுத் தைங்க” என்றீர்கள்.

அந்த இடத்தில் நான் பிடிவாதமாக உங்களைக் கோவைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. என் தப்பை நானே சரிசெய்துவிடலாம் என்ற பேராசை.

அப்படித்தான் அந்தப் பொம்மைத் தோள் உருவானது. பிளாஸ்டிக் எலும்பு நான் கொண்டுவந்தேன். சதைக்கு ஸ்பாஞ்ச், தோலுக்கு ரெக்சின், நாருக்கு எந்தத் துணி என்று கேட்டபோது நீங்கள் ஏழெட்டு வெட்டுத்துணியைப் பரப்பி வைத்தீர்கள். “நெசத்துல எவ்ளோ இழுபடும்? எந்தப் பக்கம் இழுபடும்?” நான் கையால் காட்டக் காட்ட, இழுத்து இழுத்துப் பார்த்து, லைக்ரா கலந்த ரிப் துணியை இரண்டாக மடித்து ஒற்றைக் கையால் தைத்தீர்கள். அதை ஒரு பக்கெட்டுக்குள் கட்டி, மூடியில் துளை போட்டு, கம்ப்யூட்டர் கேமரா ஒன்றை உள்ளே விட்டோம்.

மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் பிசியோதெரபி அறையில் பழகுவேன். உங்களுக்கு ஷிஃப்ட் இல்லாத நாட்களில் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். நான் முடிச்சுப் போட்டதும் மூடியைத் திறந்து இடது கையால் இழுப்பீர்கள்.

“வருது சார். நிக்காது.”

மறுபடி போடுவேன்.

“இதுவும் வருது.”

எத்தனை நூறு முடிச்சு என்று தெரியாது. ஒருநாள் நீங்கள் பல்லைக் கடித்து இழுத்தும் வரவில்லை. “நின்னுட்டு சார்!” என்று சிரித்தீர்கள். அன்றே உங்களுக்குத் தேதி குறித்திருக்க வேண்டும், அக்கா.

குறிக்கவில்லை. பயம். இன்னும் ஒரு வாரம் பழகிவிடுகிறேன் என்றேன். அந்த வாரம் போனதும் இன்னொரு வாரம். ஆணி பதிக்கும் கோணம் இன்னும் சரிவரவில்லை என்றேன். விட்டுப்போன நார் சுருங்கிக்கொண்டே போகும், வேலையில்லாத தசை கொழுப்பாகிவிடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு தைத்தாலும் பிடிக்காது என்று எல்லாம் படித்தவன் நான். தெரிந்தும் தள்ளினேன். முதல் முறை அவசரத்தால் கெடுத்தேன். இரண்டாம் முறை தயக்கத்தால்.

கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது காலம் தாண்டியிருந்தது. அதே படத்தைக் கோவைக்கு அனுப்பினேன். அந்த மருத்துவரும் அதையே சொன்னார். உங்களை வரச் சொன்னேன். படத்தை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள். “அப்போ வேற ஆளுக்கு ஆகும்லா?” என்று பக்கெட்டைக் காட்டிக் கேட்டீர்கள்.

ஆயிற்று அக்கா. அடுத்து வந்த பல்லடத்துக்காரருக்குக் கை தலைக்கு மேல் ஏறியது. அதன் பிறகு பலருக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் டாக்டர்கள் அந்தப் பக்கெட்டில் பழக வந்தார்கள். நைந்துபோன நாரை மாற்றி மாற்றித் தைத்துக் கொடுத்தீர்கள். ஈரோட்டு டாக்டரின் முடிச்சை நீங்கள் உருவிக் காட்டியபோது, “இந்தம்மா யாருங்க?” என்று அவர் முகம் சுளித்தது நினைவிருக்கிறதா? “செக்கிங்” என்றேன். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள்.

அன்று எல்லோரும் போன பிறகுதான் கேட்டேன், என்னை மன்னித்துவிட்டீர்களா என்று. துணியை மடித்துக்கொண்டே சொன்னீர்கள்: “அத எங்கிட்ட கேக்காதீங்க சார். கேட்டா நான் ‘ம்’னு சொல்லிருவேன். அது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது.”

பிறகு நான் கேட்கவே இல்லை.

உங்கள் மகள்தான் போன் செய்தாள். பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் கூட்டம், படிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். வளைவில் பஸ் திரும்பியதில் வெளியே விழுந்துவிட்டீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அழுதுகொண்டிருந்த உங்கள் மகளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன்: “அம்மா எந்தக் கையால பிடிச்சிருந்தாங்க?”

“இடது கைல கொடை இருந்துச்சு சார். வேற எதுவும் எனக்குத் தெரியல.”

அதற்கு மேல் என்ன கேட்பது? மேலே கம்பி இருந்திருக்கும். எல்லா பஸ்ஸிலும் இருக்கிறது. நல்ல வலது கை இருந்தவர்களும் விழுகிறார்கள் என்று மனைவி சொல்கிறாள், நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நாற்பத்தொரு நாளாக அந்த வளைவில் உங்கள் வலது கையை நான் தூக்கிக்கொண்டே இருக்கிறேன். மார்புக்கு மேல் அது ஏற மாட்டேன் என்கிறது.

நேற்று குண்டடத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். அவர் தோளுக்குச் செய்ய வேண்டியது வேறு வகை ஆபரேஷன், எனக்குப் புதியது. அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: “பொம்மைல நெறையப் பழகியிருக்கறனுங்க. மனுசருக்கு இதுவரைக்கும் ரெண்டே பேருக்குத்தான் பண்ணியிருக்கறன். ஒருத்தருக்கு நல்லாயிருச்சு. இன்னொருத்தருக்குப் பாதிதானுங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. நாங்க கோயமுத்தூர்லயே பாத்துக்கறமுங்க” என்று எழுந்தார். கோவை மருத்துவருக்குக் கடிதம் எழுதி, ஸ்கேனை உறையில் போட்டு, வாசல்வரை வந்து கொடுத்தேன். இருவரும் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்து போனார்கள்.

அன்று வார்டில் நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் நீங்களும் எழுந்து போயிருப்பீர்கள், அக்கா.

உங்களைப் போக விட்டிருக்க வேண்டும்.