ஒரு காது மட்டும்

1974 பிப்ரவரி 5, செவ்வாய்

பனி. என் கார் கிளம்பவில்லை, என்னோடு நிரல் எழுதும் சிநேகிதன் கிளேட்டன்தான் வந்து ஏற்றிக்கொண்டான். பெட்ரோல் வரிசையில் நின்றுவிட்டு அலுவலகம் போனால், கணினி மறுபடி படுத்திருக்கிறது.

அதை இயக்கும் பெர்னீஸ், லோடு பொத்தானை அழுத்தி முதலிலிருந்து கிளப்பியிருந்தாள். காலையிலிருந்து ஓடிய பாலிசி புதுப்பிப்பு அத்தனையும் போச்சு. பிரிவுத் தலைவர் தேயர் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"காத்திருப்பு விளக்குதானே எரிஞ்சுது? அது காத்திருந்தா நீங்களும் காத்திருக்கணும்."

"காத்திருந்தேன் மிஸ்டர் தேயர். அது செத்துப் போயிருந்துது."

இன்னொரு தடவை அந்தப் பொத்தானில் கை வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவள் புருஷனுக்குத் தட்டச்சு இயந்திர ஆலையில் வேலை போய்விட்டது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது தேயருக்கும் தெரியும்.

பிப்ரவரி 7

பெர்னீஸ் அவசரக்காரி இல்லை. காபியைக்கூட ஆறவைத்துக் குடிப்பவள். அப்படியென்றால்?

பிப்ரவரி 10, ஞாயிறு

எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

கணினி எந்த நேரமும் ஒரே ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. நிலைச்சொல். அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது, நினைவகத்தில் எதைத் தொடலாம், இப்போது ஓடுவது எஜமானனா வேலைக்காரனா, ஓடணுமா நிற்கணுமா, எல்லாம் அதில் உண்டு. அதன் தொடக்கத்தில் சில பிட்டுகள் காதுகள் மாதிரி. டேப் கூப்பிட்டால், டிஸ்க் கூப்பிட்டால், காது கொடுப்பதா வேண்டாமா என்று அவைதான் சொல்லும்.

காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாலும் காத்திருப்பு விளக்கு எரியும். பொத்திக்கொண்டு நின்றாலும் அதே விளக்குதான். முதலாவது, வேலை வரட்டும் என்று நிற்பது. இரண்டாவது பிணம். எது எதுவென்று தெரிய, கன்சோலில் உள்ள குமிழைத் திருப்பி நிலைச்சொல்லைப் படிக்க வேண்டும். லோடு அழுத்தினால் அது அழிந்துவிடும். எல்லாப் பிரிவிலிருந்தும் தொலைபேசியில் கத்தும்போது எவன் குமிழைத் திருப்புகிறான்?

அந்தச் சொல்லை மாற்ற, மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் எஜமான நிரலுக்கு மட்டுமே உரிமை. ஆனால் எங்கள் இடத்தில் ஒரு பின்கதவு இருக்கிறது. எனக்கு முன்னால் எஜமான நிரலைப் பார்த்துக்கொண்டவர் வைத்துவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டார். கூப்பிட்டால் எந்த நிரலும் எஜமானன் ஆகிவிடும். பாதிப் பேர் அதை நம்பி நிரல் எழுதியிருப்பதால் நானும் மூடவில்லை.

பிப்ரவரி 13

மறுபடி நின்றது. பெர்னீஸ் என்னைத் தேடியிருக்கிறாள். நான் மேல்மாடிக் கூட்டத்தில். அழுத்திவிட்டாள். தேயர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் இறங்கி வந்தபோது கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19, செவ்வாய்

இன்று கன்சோலில், பெர்னீஸின் நாற்காலியில், நானே உட்கார்ந்தேன். மதியம் நின்றது. ஒருவரையும் தொட விடவில்லை. குமிழைத் திருப்பினேன்.

காதுகள் மொத்தமாக மூடியில்லை. ஒன்றே ஒன்று திறந்திருக்கிறது, முதல் வரிசை டேப்புகளுக்கானது. ஆனால் முதல் வரிசையில் ஓர் இயந்திரம் பழுது என்று, அதில் போட வேண்டிய டேப்பை இரண்டாம் வரிசையில் மாட்டியிருந்தார்கள். டேப் அங்கிருந்து கூப்பிடுகிறது, கணினி இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்கிறது. உலகம் முடியும்வரை நிற்கும்.

எந்த நிரல் இப்படி நிற்கவைத்தது என்று நிலைச்சொல்லில் இருந்த முகவரியைத் துருவினேன். ஆயுள் அட்டவணை நிரல். கிளேட்டனுடையது.

நம்ப முடியவில்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 20

காரில் கேட்டேன். மறுக்கவில்லை. பின்கதவு வழியாக எஜமானன் ஆகி, தன் டேப்பைத் தவிர எதுவும் குறுக்கே வராதபடி தானே ஒரு நிலைச்சொல் எழுதிப் போட்டிருக்கிறான். பாதி நேரத்தில் முடிகிறதாம். அதற்குத்தான் போன வருஷம் தேயர் இவனைத் தட்டிக்கொடுத்தார்.

"நேத்து நீ துருவுறதப் பாத்ததுமே மாத்திட்டேன். இனிமே நிக்காது. விடு ரோலண்ட்."

"பெர்னீஸ்?"

"அவளுக்கு வேற எடம் கெடைக்கும். வெளிய தெரிஞ்சா எனக்குக் கெடைக்குமா?"



பிப்ரவரி 25

நிற்கவேயில்லை. ஒரு தடவைகூட இல்லை. தேயர் என் மேஜையில் சாய்ந்துகொண்டு, கை மாறியதும் சரியாகிவிட்டது பார் என்கிறார். வெள்ளிக்கிழமை அவளுக்கு நீக்கக் கடிதம் போகிறது.

அடப்பாவி. சரிசெஞ்சே அவ கழுத்தறுத்துட்டானே. இனி இது ஒழுங்கா ஓடுற ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிர்சாட்சிதானே? நான் வாயைத் திறந்தா கிளேட்டன் போவான். திறக்கலைன்னா?

பிப்ரவரி 27, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு நேரே தேயர் அறைக்குப் போனேன். சொன்னேன். நம்பவில்லை. சிநேகிதிக்காகக் கதை கட்டுகிறேன் என்றார். ஓட்டியே காட்டுகிறேன் என்றேன்.

"பொய்யாப் போச்சுன்னா நீயும் கெளம்பு."

சரி என்றேன். 

சேமிப்பு டேப்பிலிருந்து கிளேட்டனின் பழைய நிரலை ஏற்றி, அவன் டேப்பை இரண்டாம் வரிசையில் மாட்டினேன். தேயரை பெர்னீஸின் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளிடம் சொன்னதையே நீங்களும் செய்யுங்கள், காத்திருங்கள் என்றேன்.

விளக்கு எரிந்தது. தேயர் கைகளைக் கட்டிக்கொண்டார். கிளேட்டன் அச்சுப்பொறிப் பக்கம் நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை. இழப்பீட்டுப் பிரிவிலிருந்து தொலைபேசி. கொஞ்சம் பொறுங்கள் என்றார். பாலிசிப் பிரிவு. பொறுங்கள் என்றார். அப்புறம் மேல்மாடியிலிருந்து அவருடைய மேலதிகாரியே. "இதோ சார், இதோ" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  குமிழைப் பற்றி நான் ஞாபகப்படுத்தவில்லை.

கை தானாகப் போனது. லோடு அழுத்தினார்.

அழுத்திய விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளேட்டன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அது என்னோட நிரல்தான், மிஸ்டர் தேயர்."

மார்ச் 1, வெள்ளி

பின்கதவை மூடிவிட்டேன். காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் நிரல் விழுந்துவிட்டது என்று திட்டிவிட்டுப் போனார்கள். கிளேட்டனை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறான். வலிக்கத்தான் செய்கிறது.

பெர்னீஸைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல் என்று தேயர் என் தலையில் கட்டிவிட்டார். தானே பேச வெட்கம். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னேன். நன்றி கின்றி எதுவும் அவள் சொல்லவில்லை.

"அவரே அழுத்துனாரா?"

"அவரேதான்."

 அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், இரு என்றாள். வந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ம், இப்பச் சொல்லு. மொதல்லேர்ந்து."