திசைகாட்டியைத் திருத்திய அக்காவுக்கு

என் பிரியமான அக்கா,

நீ எங்களை விட்டுப் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை போட நீ இல்லாததால் நான் ரொம்ப நல்லவளாகிவிட்டேன் என்று வீட்டில் பேச்சு. நீ நம்பாதே. இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன், நம் பள்ளிச் சாரணியர் அணி முதன்முதலாக முகாம் போன அந்தச் சனி, ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு மாந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தோம். நீதான் அணித்தலைவி. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் குறித்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் தோப்புக்குத் திரும்ப வேண்டும். யார் முதலில் திரும்புவது என்று சாரணர் பையன்களோடு போட்டி. நம் அய்யா சைக்கிளோடு வந்து தோப்பு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாம் வழி தவறினால் அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார், அப்புறம் முகாம் என்ற பேச்சே கிடையாது. அவர் அனுமதி கொடுத்த லட்சணம் அது.

கண்மாய்க்கரையில் திசைகாட்டி முள்ளுக்குக் கிறுக்குப் பிடித்தது. வடக்கே மலை கண்ணெதிரில் நிற்கிறது, முள்ளோ கிழக்கே திரும்புகிறது. பையன்கள் சிரித்துக்கொண்டே நம்மைத் தாண்டிப் போனார்கள். உன்னை ஒட்டி நின்றிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாய்.

"முள்ளு வடக்கப் பாக்கலடி. ஒன் முதுகுல இருக்க தோசைக்கல்லப் பாக்குது. தள்ளிப் போயி பின்னால வா."

வழியில் சமைப்பதற்காக நான் கட்டித் தூக்கிவந்த இரும்புக்கல் அது. கோபத்தோடு உங்கள் எல்லோருக்கும் பின்னால், வெகு தூரம் தள்ளியே நடந்தேன். முள் ஒழுங்காக நின்றது. பையன்கள் வண்டிப்பாதையை நம்பிக் கப்பலூர் வரை போய்விட்டார்களாம்.

நாம்தான் முதலில் வந்தோம். பயல்கள் எங்கே என்று அய்யா கேட்டார். "பின்னால வாராய்ங்க அய்யா" என்றாய். அவர் சைக்கிளில் தனியாக வீட்டுக்குப் போனார். அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை.

இன்று காலை உன் மகள் தன் முதல் முகாமுக்குக் கிளம்பினாள். அய்யா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தாத்தா, கேம்புக்குப் போறேன், ஞாயித்துக்கிழம வாரேன்" என்றாள். "சரி ஆத்தா" என்றார் அவர். அவ்வளவுதான். போகட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை, அக்கா. அப்படிக் கேட்க வேண்டிய காலம் ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

இனிமேலும் தெரியவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் மகளின் சித்தி,
உன் தங்கை