வெற்றிக் கோப்பிக்கு வந்த பேர்

1941 நவம்பர் 20, வியாழன்

இன்றைக்குத் திருகோணமலையின் வியாபார சரித்திரம் மாறியது. மாற்றியவன் நான்.

முனாப்பின் தேத்தண்ணிக் கடைக்கு றேடியோப் பெட்டி வந்துவிட்டது. பற்றறியில் பேசுகிற பெட்டி. பின்னேரம் தமிழ்ச் செய்தி தொடங்கினால் துறைமுக டொக்யாட் வேலை விட்டு வருகிற சனம் வாசலைத் தாண்டி றோட்டில் நிற்கிறது. நின்றபடியே குடிக்கிறது. முந்தி இவர்கள் வீட்டுக்குப் போய் மனுசிமார் இடித்த கோப்பியைத்தான் குடிப்பார்கள். இப்போது மனுசிமாரே கொட்டை வறுப்பதை விட்டுவிட்டு, இடித்த தூளைப் பையில் கேட்கிறார்கள். காலம் மாறுவதை முதலில் கண்டவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம்.

இனி முனாப் கடையில் என் தங்கச்சி பூரணம் இடிக்கிற தூள். மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளுக்கும் அந்த உரல்தான் சோறு. 'வெற்றிக் கோப்பி' என்று பேர் வைத்தேன். லேபிளில் இரண்டு விரலை விரித்த கை. வெள்ளைக்காரன் வெற்றி வரும் என்று காட்டுகிறானே, அதே கை.

"பேர் எதுக்கு அண்ணை? வாசம் காணாதோ?" என்றாள் பூரணம்.

"வாசம் தெருமுனை வரைக்கும்தான் போகும். பேர் கொழும்பு வரைக்கும் போகும்."

யோசிக்காமல் சொன்னேன். எனக்கு இப்படித்தான் வருகிறது.

டிசம்பர் 3

"செய்திக்கு ஒண்டு போடு" என்கிறார்கள். செய்தி என்றால் எங்கள் கோப்பி! கொழும்பிலிருந்து வரும் தகர டின் கோப்பி முனாப்பின் அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. பெட்டியில் பேசுகிறவர் என் கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் தொண்டையைச் செருமுகிறார் என்று டொக்யாட்டில் பாரந்தூக்கி ஓட்டுகிற கதிரவேலிடம் சொன்னேன். பாதி நம்பினான்.

டிசம்பர் 11

மலாயாக் கடலில் இங்கிலீசுக்காரனின் இரண்டு பெரிய கப்பல் போய்விட்டதாம். கோப்பி கொஞ்சம் மிஞ்சியது. பரவாயில்லை. தூரத்துக் கடல்.

1942 பெப்ரவரி 16, திங்கள்

சிங்கப்பூர் விழுந்துவிட்டது.

பெட்டி சொல்லி முடித்ததும் கதிரவேல் — வாய்க்காரன் — கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாமா, உங்கட வெற்றி கசக்குது."

"சீனி காணாதாக்கும்."

"சீனி இல்லை மாமா, ராசி. இதைக் குடிக்கத் தொடங்கின நாள் துவக்கம் அடி விழுகுது. முனாப் நானா, எனக்குத் தேத்தண்ணி போடுங்கோ."

அவன் பின்னால் எல்லாரும் தேத்தண்ணி. வீட்டுக்கு வந்து நானே ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். அதே கொட்டை, அதே மல்லி, அதே கை. ஒரு குறையும் இல்லை. ஆனால்... எனக்கும் கொஞ்சம் கசந்ததோ? சீ, அப்படி எப்படி?

பெப்ரவரி 27

முனாப் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, கோவிக்காதீங்க. செய்தி நேரம் அந்த லேபிளைக் கண்டாலே சனம் மூஞ்சைச் சுழிக்குது. கொஞ்ச நாளைக்கு வேணாம்."

நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று வெளியில் சொல்லிவிட்டேன். பூரணத்திடம் அப்படிச் சொல்ல ஏலவில்லை. அவள் தூளைத் திரும்பப் பானையில் கொட்டி வாயைத் துணியால் கட்டினாள். "இனி என்ன செய்யிற அண்ணை?" என்று கேட்டாள். எனக்கு ஆயிரம் யோசனை இருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வெளியே போனேன்.

ஏப்ரல் 9

குண்டு போட்டாங்கள். துறைமுகம் எரியுது. நாங்கள் நாலு பேரும் இருக்கிறம். இருக்கிறம்.

ஏப்ரல் 14, தோப்பூர்

சித்திரை வருசம் இங்கே. பட்டினம் காலி. தோணியில் மூதூருக்கு வந்து, பிறகு வண்டியில். பூரணம் உடுப்பை விட்டுவிட்டு வறுக்கிற தாச்சியையும் உலக்கையையும் தூக்கி வந்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு விமானம் எங்கள் கூரைக்கு மேலே எவ்வளவு தாழ வந்ததென்றால், ஓட்டினவனின் மீசையை நான் எண்ணினேன். நான் கட்டிலுக்குக் கீழே கிடந்ததாகப் பூரணம் சனத்துக்குச் சொல்கிறாள். கட்டிலுக்குக் கீழேயிருந்தும் தெரியும்.

முனாப்பும் இங்கேதான், மனைவியின் ஊர். சந்தைக்குப் பக்கத்தில் தென்னங்கிடுகால் ஒரு கடை போட்டிருக்கிறான். றேடியோவைக் கொண்டுவரவில்லை. லேபிள் ஒட்டாத தூள் என்றால் வாங்குகிறேன் என்றான். சரி என்றேன்.

மே 2

இன்றைக்கு ஒரு விசித்திரம். பட்டினத்துச் சனம் பின்னேரம் வந்து கோப்பி வாங்கியது. குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்தபடி, பட்டினத்துக் கடையில் பெட்டி இருந்த உயரத்தில் சும்மா கிடுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோப்பி ஆறி ஆடை படிந்தது. காதில் ஒன்று விழாமல் தொண்டைக்குள் இறங்காது — அப்படிப் பழகிவிட்டது!

நான் வாங்குப் பலகையில் ஏறி நின்று பெட்டியின் குரலில் தொடங்கினேன். "செய்திகள் வாசிப்பவர் சிவபாதம்." என் பேரைத்தான் போட்டேன்.

ஜப்பான்காரனின் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவில் வழி தவறி மணலில் ஏறியது. கப்டன் கரைக்கு வந்து வழி கேட்டார். கட்டைபறிச்சான் ஊர் மீன்காரி ஒருத்தி முதலில் மீன் வாங்கு, பிறகு வழி சொல்கிறேன் என்றாள். மூன்று கூடை மீனோடு அவர் போனது எதிர்த்திசையில். இதுதான் செய்தி.

குண்டு விழுந்த பிறகு இந்தச் சனம் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாக் கிளாஸும் காலி. முனாப் இன்னொரு தரம் தண்ணி கொதிக்கவைத்தான்.

மே 19

கதிரவேல் பட்டினத்திலிருந்து வந்தான். ஒரு ஓரமாக நின்று நான் வாசித்த துறைமுகச் செய்தி முழுவதையும் கேட்டான்.

"மாமா, நான் அங்கயிருந்துதான் வாறன். இது பச்சைப் புளுகு!"

"கோப்பியைக் குடி."

குடித்தான். "கோப்பி நல்லம்," என்றான். "முனாப் நானா, இன்னொரு புளுகு போடுங்கோ!"

அவ்வளவுதான். சந்தை முழுக்க இப்போது அது 'புளுகுக் கோப்பி'. நான் அச்சடித்த பேரை ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை.

பூரணம் அழுதாள். "ஊரெல்லாம் புளியங்கொட்டையை வறுத்துக் கோப்பியில கலக்கிற நேரம் இது. புளுகுக் கோப்பியெண்டா நானும் கலக்கிறனெண்டுதானே நினைப்பினம்? உங்கட வாயால என்ர கை பழுதாப் போச்சு, அண்ணை."

பெட்டி சொன்ன உண்மையால் ஒருமுறை கோப்பியின் பேர் கெட்டது. இப்போது என் பொய்யாலும் கெடுமோ?

மே 20

செய்தி வாசிக்கவில்லை. தலையிடி என்று சொன்னேன். பாதிக் கோப்பி மிஞ்சியது. முனாப்பின் முகம் பெப்ரவரியில் பார்த்த முகம்.

மே 22, வெள்ளி

பூரணம் விடியவே தாச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் அடுப்பு மூட்டினாள். சனத்துக்கு முன்னால் வறுத்தாள். கேட்டவர் கையில் ஒவ்வொரு கொட்டை வைத்தாள். "கடிச்சுப் பாருங்கோ." கடித்தார்கள். அங்கேயே இடித்தாள்.

பின்னேரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பாக்கிறியள்? ஏறுங்கோ வாங்கில."

"தலையிடி..."

"அண்ணை! அவர் சொல்லுறதுதான் புளுகு," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "குடிக்கிறது நிசம். இரண்டையும் கலக்கிறேல்லை."

கடை சிரிப்பில் அதிர்ந்தது. நான் ஏறினேன். இன்றைக்கு வாசித்த செய்தி இலங்கை முழுவதற்கும் கேட்டிருக்க வேண்டும்.

1943 சனவரி 17, ஞாயிறு, திருகோணமலை

பட்டினம் பழையபடி சனம். பழையதை விடக் கூட. முனாப் கடையில் பெட்டி பேசுகிறது, கொழும்பு டின்னும் புதுப் படத்தோடு வந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஆட்கள் முதல் நாள் டின்னைக் கேட்கிறார்கள். இரண்டாம் நாள் பழைய ஆட்களைப் பார்த்து, "எனக்கும் ஒரு புளுகு" என்கிறார்கள்.

செய்தி நேரம் வந்ததும் முனாப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தான். "முதல்ல அண்ணன் சொல்லட்டும். பெட்டி எங்க போகப் போகுது, பிறகு கேப்பம்."

காலையில் பூரணத்தோடு அச்சுக்கூடத்துக்குப் போனேன். விரித்த கை இனி வேண்டாம் என்றாள். பெரிய எழுத்தில் 'புளுகுக் கோப்பி'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'தூள் நிசம்'. அச்சுக்காரர் சிரித்துச் சிரித்து எழுத்துக் கோத்தார்.

"ஆர் வைச்ச பேர் இது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன். "எத்தனை இரவு யோசித்து வைத்தது!"

பூரணம் என்னைப் பார்த்தாள். பிறகு அச்சுக்காரரிடம், "ஓம், அண்ணைதான்," என்றாள்.