கீழே இறங்கச் சொன்னோம்

ஆகஸ்ட் 9, சனி

வெயில். புகைமூட்டம் வேற. கோலாலம்பூர் தாண்டியும் மலை கண்ணுக்குத் தெரியல. ஃபரிதா வேன் ஓட்ட, நான் வழியெல்லாம் தூக்கம்.

மேல்லயத்துக்குப் போய்ச் சேர மத்தியானம். பழைய தேயிலைத் தோட்டம். தோட்டத்தை மூடி எவ்வளவோ காலம், லயத்து வரிசை வீடுங்கள்ல ஆளுங்க மட்டும் மிச்சம். காய்கறி போட்டுப் பிழைக்கிறாங்க. இந்த வறட்சியில மேட்டுல லாலாங் புல்லு பத்திக்கிட்டு வீட்டுப் பக்கம் வரைக்கும் வந்துருச்சு. அதனால நாங்க. காட்டுத்தீப் பயிற்சி.

ஸ்லைடு பூரா வெளிநாட்டுக் காடு. ஸ்பான்சர் குடுத்தது. பனிமலை, பைன் மரம், ஹெலிகாப்டர். முன்னால உக்காந்திருந்த அக்கா: "இது எந்த ஊரு மிஸ்? கேமரன் மலையா?" ஆமான்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. நெருப்பு மேட்டுல ஏறும். சைரன் கேட்டா எல்லாரும் கீழ இறங்கணும். ஆத்தோரத் திடல்ல வந்து நிக்கணும். கையால சுத்துற சைரன், அந்தப் பொறுப்பு குணாவுக்கு. லோரி டிரைவர், நல்ல ஆளு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

சுப்பையா அங்கிள். சக்கரை வியாதியில ரெண்டு கண்ணும் போச்சு. மக கிள்ளானுக்குக் கூப்பிட்டும் போகல, தனியா இருக்கார். "எல்லாரும் ஓடுவீங்க. நான் என்னா செய்யறது மிஸ்?" அதுக்கு ஸ்லைடுல பதில் இல்ல. நானா யோசிச்சதுதான்: அவர் வாசல்லேர்ந்து திடல் வரைக்கும் கயிறு. குணா கொய்யா மரத்துல, வேலிக் கம்பத்துல எல்லாம் இழுத்துக் கட்டினான். கையப் புடிச்சு நாலஞ்சு தடவ கூட்டிட்டுப் போனேன். அப்புறம் தனியா இறங்கினார். லயமே கை தட்டுச்சு.

"பாஸா மிஸ்?"

"டிஸ்டிங்ஷன் அங்கிள்."

வேலையில சேர்ந்ததுலேர்ந்து உருப்படியா ஒண்ணு செஞ்ச மாதிரி இன்னிக்குத்தான் இருந்துச்சு.

கிளம்புறப்ப குணா: "நெருப்பு சரி. மழைக்கு எங்க போறது? மழைன்னா மொதல்ல ஆறுதானே மிஸ் வரும்?" ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரிக்பீல்ட்ஸ். ஆபீஸ் ஏர்கான் ஒழுகுது. கீழ வாளி வெச்சிருக்கோம். பேரிடர் தடுப்பு ஆபீஸ்!

கயிறு போட்டோ பாத்து எங்க டைரக்டர் ஜெகன் சார் நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டார். "இதான்மா! இதான் நம்ம கையேட்டுக்கு அட்டைப் படம்!" மழையப் பத்திக் கேட்டேன். "அது அடுத்த மாட்யூல். ஃபண்ட் வரட்டும்."

மத்தியானம் பங்சார்ல ஸ்பான்சர் அம்மாவோட வாழை இலைச் சாப்பாடு. ரசத்தைக் குடிக்கிறதா ஊத்துறதான்னு அந்த அம்மாவுக்குக் குழப்பம். ஜெகன் சார் ஃபோன்ல அங்கிள் படத்தைக் காட்டி, "ஒருத்தரையும் விட்டுட மாட்டோம்"னு இங்கிலீஷ்ல உருகினார். கயிறு யார் யோசனைன்னு அந்த அம்மா கேட்டாங்க. "டீம்"னார்.

சாந்தி ஃபோன். சுப்பையா அங்கிளோட மக, கிள்ளான்ல இருக்காங்க. "அப்பா ஒரே பெருமை மிஸ். நான் சொன்னா எதையும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னதைக் கேக்கறாரே, அதுவே அதிசயம்." மனசுக்கு நல்லா இருந்துச்சு.

செப்டம்பர் 26, வெள்ளி

மழை ஆரம்பிச்சாச்சு. கம்யூட்டர் ரயில் லேட்டு. ஷூ நனைஞ்சு நாள் பூரா சொதசொத.

ஜெகன் சார்கிட்ட மறுபடியும். எழுதியே கொண்டு போனேன். தண்ணிக்குத் தனி அடையாளம் வேணும். கோயில் மணி. மணி கேட்டா மேல ஏறணும், மேட்டுல இருக்கிற பழைய தேயிலை ஃபேக்டரிக்கு. செலவே இல்ல, ஒரு நாள் போய் வந்தா போதும்.

"ஒரு சைரன், ஒரு இடம். சிம்பிளா இருக்கணும் லா. ரெண்டு சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்க."

"குழம்ப மாட்டாங்க சார். அவங்கதான் கேக்கறாங்க."

"கையேடு பிரிண்டுக்குப் போயிருச்சும்மா. அதுல திடல்னு போட்டிருக்கு. இப்ப மாத்தச் சொல்றியா?"

பிரிண்டுக்குப் போயிருச்சாம். மலையையும் பிரிண்ட் அடிச்சிட்டாரு போல.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி காயல. வீடெல்லாம் ஈர வாடை. வாங்க வேண்டியது: கடலை மாவு, நெய், இவருக்கு ஜிப்பா, வாசலுக்கு விளக்கு.

குணா ஃபோன். "ஆறு கலங்கி ஓடுது மிஸ். ஏதாச்சும் முடிவு பண்ணிச் சொல்லுங்க." சொல்லிடலாம்னு இருந்துச்சு, மழைன்னா சைரன் வேணாம், மேல ஏறுங்கன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. சார் சொன்னதுக்கு மாறா நான் ஒண்ணு சொல்லி, நாளைக்கு அதுவே வம்பாயிட்டா? "தீபாவளி முடியட்டும் குணா. நானே வந்து எல்லாருக்கும் சொல்லித் தரேன்."

"ம்"னு ஃபோனை வெச்சுட்டான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில தூறல். முறுக்கு கருகிருச்சு. பரவால்ல, இவரு அதையும் நல்லா இருக்குன்னு தின்னாரு.

சுப்பையா அங்கிள் வாழ்த்துச் சொல்ல ஃபோன் பண்ணார். "தெனம் ஒரு தடவ கயித்தைப் புடிச்சு எறங்கி ஏறிடுறேன் மிஸ். பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல?"

நல்லது அங்கிள்னு சொன்னேன். மழையில ஜாக்கிரதை, வழுக்கும்னும் சொன்னேன். இப்போதைக்கு அது போதும்.

அக்டோபர் 22, புதன்

சாயந்திரம், ரயில்ல, பெட்டாலிங் ஜெயா தாண்டி. குணா. ஃபோன்ல சத்தத்துல ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது.

மலை உச்சியில பேய் மழை. ஆத்துல தண்ணி செவுரு மாதிரி இறங்கியிருக்கு. உறுமுற சத்தம் கேட்டதும் குணா சைரன் சுத்தியிருக்கான். ஊரை உஷார் பண்ண அவன்கிட்ட வேற என்ன இருக்கு? எல்லாரும் வெளிய ஓடி வந்து ஆத்தைப் பாத்துட்டாங்க. பாத்ததும் நாங்க சொன்னதெல்லாம் காத்துல விட்டுட்டு மேல ஓடிட்டாங்க, ஃபேக்டரிக்கு.

சுப்பையா அங்கிள் பாக்க முடியாதவரு. சைரன் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கு.

"கூப்ட்டேன் மிஸ். தொண்டை கிழியக் கத்தினேன். சுத்துறத விட்டும் சைரன் ஊளை அடங்கல, என் சத்தம் அவருக்குக் கேக்கல."

அக்டோபர் 23, வியாழன்

ரோடு பாதி சரிஞ்சு கெடக்கு. ஃபரிதா வேனைக் கீழயே நிறுத்திட்டா. நடந்து ஏறினோம்.

திடல் இல்ல. சேறு, மரம், கல்லு. அங்கிளை ஆத்து வளைவுல எடுத்திருக்காங்க. துணி போட்டு மூடியிருந்தாங்க. கயித்துல மேல் பாதி அப்படியே இருக்கு, கீழ பாதி இல்ல. கொய்யா மரத்துல குணா போட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கம்.

வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்க பேச்சைக் கேக்காத எல்லாரும் பத்திரம்.

ஸ்லைடைப் பாத்துக் கேமரனான்னு கேட்ட அக்கா டீ கொண்டு வந்து குடுத்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவல. குணா மட்டும் என் பக்கமே திரும்பல. கிளம்புறப்ப வந்தான். "நான் சுத்தாம இருந்திருந்தா அவரு வீட்டுலயே இருந்திருப்பாரு மிஸ். வீட்டுக்குள்ள தண்ணி போகவே இல்ல." உன் மேல தப்பில்லன்னேன். "அப்ப யார் மேல?"ன்னான். வேனுக்கு இறங்கினேன்.

அக்டோபர் 25, சனி

ஆபீஸுக்கு நிருபருங்க. ஜெகன் சார் கறுப்பு சட்டை. தலைக்குச் சாயம் அடிச்சிருக்காரு, காதோரம் ஒட்டியிருந்துச்சு.

அவர் சொன்னது, அப்படியே: "எங்க பயிற்சியாலதான் ஒரு கிராமமே உயிர் தப்பிச்சுது. துரதிர்ஷ்டவசமா ஒரு பெரியவர் மட்டும் எச்சரிக்கையப் பொருட்படுத்தாம ஆத்துப் பக்கம் போயிட்டார்."

பொருட்படுத்தாம! நிருபருங்க போனதும் அவர் ரூமுக்குள்ள போனேன்.

"அவர் ஒருத்தர்தான் சார் நாம சொன்னதைக் கேட்டாரு."

"கதவ சாத்து."

சாத்தினேன்.

"இப்ப அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? இன்னும் எத்தனை மலை இருக்கு, ஸ்பான்சர் போயிட்டா யார் பாப்பாங்க? வயசானவங்கன்னா கொஞ்சம் பிடிவாதம், குடும்பமும் ஏத்துக்கும். பாவம்னு விட்டுடுவாங்க." அப்புறம் குரலை மாத்தி, "கிள்ளான் பக்கம்தானே நீ? ஆபீஸ் சார்புல ஒரு ஹேம்பர் கூடை கொண்டு போய்க் குடுத்துரு. ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கோ."

தூ. அங்கயே சொல்லல. ரயில்ல வந்து சொல்லிக்கிட்டேன், வாய்க்குள்ள. என்னைச் சொல்லணும் மொதல்ல.

அக்டோபர் 28, செவ்வாய்

லீவு. மழை விட்டிருக்கு. ஹேம்பரைத் தூக்கிட்டு சாந்தி வீட்டுக்கு. செருப்பு நெறைய கெடந்துச்சு வாசல்ல. கருமக்கிரியை அடுத்த வாரம், சொந்தக்காரங்க வந்து இறங்கியிருக்காங்க. ஹேம்பரை ஷூ ரேக் பக்கத்துல வெச்சுட்டு உள்ள போனேன். எடுத்துக் குடுக்க மனசு வரல.

சாந்தி அழுது முடிச்ச முகம். கோபம்தான் இருந்துச்சு. என் மேல இல்ல, அப்பா மேல.

"பேப்பர்ல பாத்தேன் மிஸ். எத்தனை தடவ கெஞ்சினேன் இங்க வந்துருங்கன்னு. கேக்கல. நீங்க அவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க. அதையும் கேக்கல. லயமே மேல ஏறி நிக்குது, இவருக்கு மட்டும் ஆத்துல என்னா வேலை? சாவுறப்பவும் அதே புத்தி. படத்துக்கு முன்னால வெளக்கு ஏத்தக்கூட எனக்குக் கை வரல."

காப்பி ஆறிப் போச்சு. குடிக்கல. ஜெகன் சார் சொன்ன மாதிரி பாவம்னு விட்டுட்டு எந்திரிச்சு வந்திருக்கலாம்.

"அவர் கேட்டாரு சாந்தி."

"என்னா?"

"சைரன் கேட்டா கீழ இறங்கணும்னு சொல்லிக் குடுத்தோம். நெருப்புக்கு. தண்ணிக்கு மேல ஏறணும், அதை நாங்க சொல்லித் தரல. குணா கேட்டான், நான் தீபாவளி கழிச்சுன்னு தள்ளிப் போட்டேன். எல்லாரும் கண்ணால பாத்து மாறிக்கிட்டாங்க. அப்பாவால பாக்க முடியல. நாங்க சொன்னபடியே எறங்கினாரு. கையப் புடிச்சுப் பழக்குனது நான்தான்."

கத்துவாங்கன்னு நெனச்சேன். வெளிய போன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சாந்தி எந்திரிச்சுப் பின்கட்டுப் பக்கம் போய், "அண்ணே, இங்க வா. அத்தை, நீங்களும் வாங்க. மாமாவையும் கூப்பிடுங்க"ன்னாங்க.

கூடத்துல எல்லாரும் வந்து உக்காந்தாங்க. சின்னப் பிள்ளைங்க கூட. அண்ணன் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"அப்பா யார் பேச்சையும் கேக்காதவருன்னு தானே எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கீங்க?"ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, சாந்தி என் பக்கம் திரும்பினாங்க.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க மிஸ்."

சொன்னேன்.